ஆம்பிளைப் பிள்ளை இருக்கோ?

2013 எண்டு நினைக்கிறன். இந்திய வீட்டுத்திட்டத்துக்குப் பேர் பதியிறது, காணிப் பிரச்சினை கேக்கிறது, அடையாள அட்டை எடுக்கிறது எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு எங்கட பக்கத்துப் பள்ளிக்கூடத்தில ஒரு நடமாடும் சேவை வைச்சவை. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனனான். அம்மாவின்ர கையில ஒரு சொப்பிங் பை, அதுக்குள்ள இன்னொரு சொப்பிங் பை, அதுக்குள்ள பொலித்தீன் சுத்தின காணிப் பெர்மிட். கடைசி இடப்பெயர்வில உடுப்பு விட்டிட்டம், தையல் மெசின் விட்டிட்டம், அப்பாவின்ர படத்தைக் கூட விட்டிட்டம், அம்மா அந்தப் பேப்பரை மட்டும் சட்டைக்குள்ள வைச்சுக்கொண்டு மாத்தளன் வரைக்கும் போய், பிறகு முகாமுக்கும் போய், திரும்பக் கொண்டு வந்தவ.

காணிப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனுசன், சத்தம் போடாமல் கதைக்கிறவர். பெர்மிட்டை விரிச்சுப் பாத்திட்டுக் கேட்டார், உங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளை இருக்கோ அம்மா?

அம்மா சொன்னா, இருக்கு.

எங்க இருக்கிறார்?

அதுக்கு அம்மா ஒண்டும் சொல்லேல்ல. நான்தான் தம்பியின்ர கதையைச் சொன்னனான், 2009 மே மாசம் வட்டுவாகல் பாலம் தாண்டி ஆமிப் பக்கம் வந்தாப் பிறகு பஸ்ஸில ஏத்தினதை அம்மா கண்டவ, அதுக்குப் பிறகு காணேல்ல. அவர் கொஞ்சநேரம் பேனையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், அம்மா இருக்கும் மட்டும் பிரச்சினை இல்லை பிள்ளை, வீட்டுக்குப் பதியலாம். அம்மாவுக்குப் பிறகுதான், சட்டப்படி பாத்தா தம்பிக்குத்தான் முதல்.

நான் மூத்தவள். 1980 இல பிறந்தனான். தம்பி எனக்கு நாலு வயசு இளமை. வயலில இறங்கி வரம்பு கட்டி, நாத்துப் பிடுங்கி, ராத்திரி வாய்க்காலடியில படுத்துத் தண்ணி மறிச்சு விளைவிச்சது நானும் தங்கச்சியும். அப்ப வீட்டில இருக்கிற ரெண்டு பொம்பிளையளையும் விட எங்க எண்டே தெரியாத ஒரு பெடியன் சட்டத்துக்குக் கிட்டவா நிக்கிறான். அவனில எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை, அவன் வந்தா நான் முழுக் காணியையும் குடுத்திட்டுக் கொட்டில் போட்டு இருப்பன். ஆனா அந்தக் கேள்வி மட்டும் இண்டைக்கும் காதுக்குள்ள கிடக்கு.

இந்தக் காணியின்ர கதையைச் சொல்லவேணும். எங்கட இடம் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற ஒரு குடியேற்றத்திட்டம், பேர் வேண்டாம். ஐம்பதுகளில அப்பப்பாவுக்குக் குடுத்த காணி, மூண்டு ஏக்கர் வயலும் அதோட மேட்டுக் காணியும். அப்ப குடும்பஸ்தரைப் பாத்துத்தான் குடுத்தவையாம், அதாவது மனுசி பிள்ளையள் இருக்கோணும். ஏனெண்டா காட்டை வெட்டிச் சுட்டு, வேர் கிளப்பி, யானைக்குத் தீப்பந்தம் காட்டி, மலேரியாவில படுத்து எழும்பி வயலாக்க ஒரு ஆளால ஏலாது. அப்பாச்சி சொல்லுவா, அவ வரேக்க வயித்தில பெரியப்பா, ஒரு கையில கத்தி மற்றக் கையில பானை எண்டு. அந்த மனுசியின்ர பேர் பெர்மிட்டில எங்கயும் இல்லை. மனுசி இல்லாட்டிக் காணி இல்லை, ஆனா காணியில மனுசி இல்லை.

எல்.டி.ஓ. காணி எண்டு சொன்னா வன்னியில சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். 1935 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அதின்ர கீழ குடுத்த அரச காணி. உறுதிக் காணி மாதிரி இல்லை, அனுமதி எடுக்காமல் விக்க ஏலாது, நினைச்ச மாதிரிப் பிரிக்க ஏலாது. பெர்மிட்காரர் தனக்குப் பிறகு ஆர் எண்டு பின்னுரித்தாளரைப் பதிஞ்சு வைச்சால் சரி, பதியாமல் செத்தால் சட்டத்தின்ர கடைசியில மூண்டாம் அட்டவணை எண்டு ஒண்டு கிடக்கு, அதுதான் முடிவெடுக்கும். நான் அதை முதல் முதல் வாசிச்ச நாள் நல்ல ஞாபகம். மகன். மகள். பேரன். பேத்தி. தகப்பன். தாய். சகோதரன். சகோதரி. பிறகு தாய் தகப்பன்ர சகோதரன் சகோதரி, கூடப்பிறந்தவையின்ர மகன் மகள். இதில மேல நிக்கிற ஒராள் இருந்தாலும் கீழ நிக்கிறவைக்கு ஒண்டும் இல்லை, ஒரே படியில கனபேர் நிண்டா மூத்தவருக்கு. வாசிக்கேக்க ஒரு தாளம் வருது பாருங்கோ, ஒவ்வொரு சோடியிலயும் ஆம்பிளை முன்னுக்கு, பொம்பிளை பின்னுக்கு, கோயில் வரிசை மாதிரி. நாலு பொம்பிளைப் பிள்ளைக்குப் பிறகு கடைக்குட்டியா ஒரு பெடியன் பிறந்தாலும் அவன்தான் முதல் படி.

மனுசன் செத்தால் மனுசிக்கு என்ன? அதுவும் அந்தப் பழைய சட்டத்தில இருக்கு. துணை காணியில இருக்கலாம், விதைக்கலாம், அனுபவிக்கலாம். ஆனா விக்க ஏலாது, தனக்குப் பிறகு ஆருக்கு எண்டு எழுத ஏலாது. திரும்பக் கலியாணம் கட்டினால் அதோட காணியும் கை மாறிடும். சட்டத்தில துணை எண்டு பொதுவாத்தான் எழுதிக் கிடக்கு, மனுசனுக்கும் பொருந்தும் எண்டு ஒராள் எனக்கு விளக்கம் சொன்னார். சரி அண்ணை, ஆனா வன்னியில பெர்மிட் எழுதினது ஆற்ற பேரில, 2009 க்குப் பிறகு தனிச்சுப் போய் நிண்டது ஆர் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. இருபத்தி ஆறு, இருபத்தி ஏழு வயசில புருசனை இழந்த பெட்டையள் எத்தினை பேர், அதில ஒருத்தி இன்னொரு துணை தேடினா ஊர் வாய் ஒரு பக்கம், காணி ஒரு பக்கம்.

அப்பப்பாவுக்குப் பிறகு பெர்மிட் அப்பாவின்ர பேருக்கு வந்தது. அப்பா 1998 இல மல்லாவிப் பக்கம் இடம்பெயர்ந்து இருக்கேக்க காய்ச்சலில செத்தவர். 96 இல கிளிநொச்சியை விட்டு ஓடினதுக்குப் பிறகு ஆர் பின்னுரித்தாளர் பதிய அலைஞ்சது, அண்டைக்குச் சாப்பாட்டுக்கே வழி பாத்த காலம். அதால அம்மா மேல சொன்ன மாதிரி, இருக்கலாம் ஆனா எழுத ஏலாது எண்ட நிலை.

இந்த இடத்தில சிலபேர் கேப்பினம், இயக்கத்தின்ர, அதாவது புலிகளின்ர காலத்தில எங்கட பெட்டையள் அப்பிடியோ இருந்தவை எண்டு. தெரியும். நானும் அந்தக் காலத்தில வளந்தவள்தான். மார்ச் 8 ஐ விட ஒக்டோபர் 10 தான் எங்களுக்குப் பெரிய பெண்கள் நாள், 1987 இல கோப்பாயில இயக்கத்தில சண்டையில செத்த முதல் பெட்டை மாலதி செத்த நாள். பெண் பொலிஸ் நிண்டவை, பெரிய வாகனம் ஓடினவை, தலைமுடியைப் பின்னி வளைச்சுக் கட்டிக்கொண்டு சைக்கிளில போற அக்காமாரைப் பாத்து வாய் பிளந்து நிண்டனான். சீதனம் வாங்கக்கூடாது எண்டு சட்டம் போட்டவை, பகிரங்கமாக் கேக்கப் பயந்தவை, உள்ளால வாங்கினவை வாங்கினவைதான். அதெல்லாம் பொய் எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா ஒண்டை யோசிச்சிருக்கிறியளோ தெரியேல்ல, அந்த நேரமும் கச்சேரி, அதுதான் அரசாங்கத்தின்ர மாவட்டச் செயலகம், கச்சேரியாத்தான் நடந்தது, காணிக் கோப்பு அதே அலுமாரிக்குள்ள, அதே மூண்டாம் அட்டவணையோட. துவக்குத் தூக்கின பெட்டைக்கும் அந்தக் கோப்புக்குள்ள தம்பிக்குப் பிறகுதான் இடம். பிறகு சண்டை முடிஞ்சு புனர்வாழ்வு முடிச்சு வந்த அதே அக்காமாரைப் பொம்பிளை கேக்க ஆளில்லை, நாங்கள் மேடை போட்டுப் புகழ்ந்த பிள்ளையளைத்தான் "அவள் அங்க இருந்தவள்" எண்டு குசுகுசுத்தது. அதுக்கு வெளியாக்களை நோக வேண்டாம், நாங்கள்தான்.

தங்கச்சியின்ர கதை வேற. சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் வேணும் எண்டு இயக்கம் நிண்ட காலம், 2007. கலியாணம் கட்டினா விடுவினம் எண்ட ஒரு நம்பிக்கையில ஊரெல்லாம் சின்னன் சின்னனுகளுக்குத் தாலி கட்டிச்சு, பதினேழு முடியாத தங்கச்சிக்கும் பிள்ளையார் கோயிலில வைச்சுக் கட்டினது. வந்த சனம் பத்துப் பேர். பதிவு இல்லை. பிறகு பதிஞ்சது எல்லாம் 2011 இல, அந்தப் பதிவு வந்ததால நன்மையோ தீமையோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியேல்ல, ஏனெண்டா 2015 இல அவர் வேற ஒரு வாழ்க்கையைத் தேடிப் போட்டார். அம்மாவின்ர சீதனக் காணி தென்மராட்சியில ஒரு துண்டு, தங்கச்சிக்குத்தான் எழுதினது. பிள்ளையின்ர படிப்புக்கு அதை விப்பம் எண்டு நொத்தாரிசிட்டப் போனா அவர் கேக்கிறார், மனுசன்ர ஒப்பம் எங்க?

தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம். எங்கட ஆக்கள் பெருமையாச் சொல்லுவினம், தமிழ்ப் பொம்பிளைக்கு அந்தக் காலத்திலேயே சொத்துரிமை இருந்தது, சீதனம் அவளின்ர பேரில எண்டு. உண்மைதான், தாயின்ர சொத்து பெட்டையளுக்கு எண்டு இருந்த வழக்கத்தை 1707 இல ஒல்லாந்தர் எழுத்தில எடுத்தவை, கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட அதிகாரி தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பாத்துச் சரி எண்டு ஒப்புக்கொண்டது. பன்னிரண்டும் ஆம்பிளைகள், அது வேற. ஆனா 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைச் சட்டத்தில ஒரு பிரிவு கிடக்கு, கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர அசையும் சொத்தை விருப்பப்படி குடுக்கலாம், காணி பூமி எண்டா புருசன்ர எழுத்து மூலச் சம்மதம் வேணும். மாட்டை விக்கலாம், மாடு கட்டின காணியை விக்க ஏலாது. அவர் தன்ர காணியை விக்க இவளின்ர ஒப்பம் கேக்கிறேல்ல. புருசன் விட்டிட்டுப் போனா கோட்டில வழக்குப் போட்டு அந்தச் சம்மதத்துக்குப் பதிலா ஒரு கட்டளை எடுக்கலாம் எண்டு நொத்தாரிசே சொன்னவர், சொன்ன கையோட செலவையும் சொன்னவர். தங்கச்சி கேட்ட கேள்வி ஒண்டுதான்: என்னை விட்டிட்டுப் போனவரிட்ட நான் போய், எனக்கு என்ர அம்மா தந்ததை விக்கட்டோ எண்டு கேக்கவேணுமோ அக்கா? கடைசியில விக்கேல்ல. பிள்ளைக்கு ஸ்கொலர்ஷிப் ஒண்டு கிடைச்சது, தப்பினம்.

காணிதான் ஆம்பிளைக்கு. கடன் மட்டும் பொம்பிளைக்கு, அதை யோசிச்சா எனக்குச் சிரிப்பும் வரும். இந்திய வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாத் தந்தவை, நாங்களே நிண்டு கட்டுறது. நானும் தங்கச்சியும் கல்லரிஞ்சு, மண் சுமந்து, மேசனுக்குக் கை உதவி செய்து கட்டினம், அப்பிடியும் கதவு யன்னலுக்கு முட்டேல்ல. பாங்குக்குப் போனா பெர்மிட் காணியை வைச்சுக் கடன் எடுக்கிறது லேசில்லை. ஆனா அதே கிழமை ரெண்டு பெடியள் மோட்டார் சைக்கிளில வந்து வேலிக்கு வெளியால நிண்டு, அக்கா அஞ்சு பேர் சேர்ந்து குழுவா வாங்கோ, பொம்பிளையளுக்கு மட்டும்தான் லோன் எண்டு சொல்லுறாங்கள். ஏன் பொம்பிளையளுக்கு மட்டும்? பொம்பிளை ஓட மாட்டாள், வெக்கத்துக்குப் பயப்பிடுவாள், குழுவில மற்றவளுக்குப் பதில் சொல்லவேணும், அதுதான். கிழமைக் காசு கட்டேலாமல் மனுசிமார் பின்வளவில ஒளிச்ச கதை ஒவ்வொரு ஒழுங்கையிலயும் இருக்கு, சிலபேர் உயிரையும் விட்டவை. 2018 இல வறட்சி மாவட்டங்களில பொம்பிளையள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்யிறம் எண்டு அரசாங்கம் அறிவிச்சது. எனக்குத் தெரிஞ்ச சிலருக்கு அது பொருந்திச்சு, சிலருக்குப் பொருந்தேல்ல, ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன் எடுத்தவைக்கு எதை எதில தள்ளுறது.

கூலியையும் சொல்லிப்போட்டுப் போறன். போன போகம் எங்கட பக்கம் ஆம்பிளைக் கூலி 2500, பொம்பிளைக் கூலி 1500. ஏன் எண்டு கேட்டா, ஆம்பிளை பாரம் தூக்குறான் எண்டுவினம். கச்சான் பிடுங்கிறதில என்ன பாரம்? குனிஞ்ச முதுகு விடியக் காலமை ஆறரையில இருந்து நிமிராமல் நிக்கிறது பாரக் கணக்கில வராதாம். நான் ரெண்டு போகமா எங்கட வயலில ரெண்டு பேருக்கும் ஒரே கூலி குடுக்கிறன், அதுக்கு என்னோட சண்டைக்கு வந்தது பக்கத்து வயல்காரர், நீ சந்தையைக் கெடுக்கிறாய் பிள்ளை எண்டு.

வாக்குரிமை எண்டு பாத்தா நாங்கள் பெரிய ஆக்கள். 1931 இல டொனமூர் அரசியலமைப்போட ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் 21 வயசில வோட்டு வந்தது. அதுக்கு அடி போட்ட டொனமூர் கொமிஷன் முதல் பொம்பிளைக்கு 30 வயசு எண்டுதான் சொன்னது. அண்டைய தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பொம்பிளைக்கு வோட்டு வேண்டாம் எண்டு நிண்டவர், 1913 இல மருதனார்மடத்தில பெட்டையளுக்குக் கல்லூரி கட்டினதும் அதே மனுசன்தான், படிக்கலாம் ஆனா தெரிவு செய்யக்கூடாது போல. யாழ்ப்பாணத்தில வாலிப காங்கிரஸ் பகிஸ்கரிச்சதால 4 தொகுதியில 1934 வரை தேர்தலே நடக்கேல்ல. மன்னார் முல்லைத்தீவுத் தொகுதி அதுக்குள்ள இல்லை, அப்ப வன்னிக் கிழவியள் யாழ்ப்பாணத்துச் சீமாட்டியளுக்கு முந்தி வோட்டுப் போட்டிருக்கினம் எண்டு நான் சிலவேளை யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரருக்குச் சொல்லி வம்பிழுக்கிறனான். அது போகட்டும். கிட்டத்தட்ட நூறு வருசம் கழிச்சு 2024 பாராளுமன்றத் தேர்தலில வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனம், ஆறும் ஆம்பிளைகள். உள்ளூராட்சிக்கு மட்டும் 25 வீதம் பொம்பிளையள் வேணும் எண்டு சட்டம் வந்து 2018 இல முதல் தேர்தல் நடந்தது. அந்த நேரம் ஒரு கட்சிக்காரர் எங்கட வீட்டுக்கும் வந்தவை, தங்கச்சி பேரை மட்டும் தாங்கோ, மிச்சத்தை நாங்கள் பாப்பம் எண்டு. மிச்சம் எண்டா என்ன எண்டு கேட்டனான். பேந்து அவை வரேல்ல.

அம்மாவுக்கு இந்தக் கணக்கு ஒண்டும் இல்லை. அவ 2017 பெப்ரவரி 20 இல இருந்து கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில, காணாமல் போனவையின்ர குடும்பங்கள் தொடங்கின போராட்டத்தில தம்பியின்ர படத்தோட இருந்தவ, கால் ஏலும் மட்டும் ஒவ்வொரு கிழமையும் போனவ. அந்தக் கொட்டிலுக்குள்ள இருந்தது பெரும்பாலும் அம்மாமார்தான், ஆருக்கும் ஒருதரும் மைக் குடுத்துப் பழக்கேல்ல, தாங்களாக் கதைச்சுப் பழகினவை. 2016 இல மரணப் பதிவுச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது, மரணச் சான்றிதழ் வேண்டாம், காணாமல் போனதுக்கான சான்றிதழ் எண்டு ஒண்டு எடுக்கலாம் எண்டு. அதைக் காட்டினா காணி அலுவலில உதவும் எண்டு ஆரோ சொல்ல நான் போம் எடுத்துக்கொண்டு வந்தன். அம்மா வாங்கி அரிசி டின்னுக்கு அடியில வைச்சா. பிறகு நான் கேக்கவும் இல்லை, அவ எடுத்துத் தரவும் இல்லை. இதில ஆர் சரி ஆர் பிழை எண்டு என்னை ஒருதரும் கேக்க வேண்டாம். என்ர உரிமை தம்பியின்ர சாவுக்குள்ளால வரவேண்டி இருந்தது, அம்மா அந்தக் கதவைத் திறக்கேல்ல, அவ்வளவுதான்.

2022 இல சட்டம் மாறிச்சு. காணி அபிவிருத்தித் திருத்தச் சட்டம், 2022 ஆம் ஆண்டு 11 ஆம் இலக்கம். மூண்டாம் அட்டவணையில மகன் முன்னுக்கு மகள் பின்னுக்கு எண்டு நிண்ட பிரிப்பை எடுத்தாச்சு. 1935 இல இருந்து 87 வருசம். பெற்றோல் லைனும் காஸ் லைனும் கறண்ட் கட்டுமா நாடு நிண்ட வருசம், இதை ஆரும் கவனிக்கேல்ல, எனக்கே ஆறு மாசம் கழிச்சு ஒரு பெண்கள் கூட்டத்தில துண்டுப் பிரசுரம் தரேக்கதான் தெரியும். காணிப் பக்கம் விசாரிச்சா அங்க இருந்த பிள்ளையும் ஓம் அக்கா மாறினது எண்டு சொல்லிச்சு, சொல்லிப்போட்டு அதே மூச்சில கேட்டுது, அக்கா வீட்டில ஆம்பிளைப் பிள்ளை இருக்கோ? அவளில பிழை இல்லை, அவளின்ர போமில அந்தக் கேள்வி இன்னும் அடிச்சுக் கிடந்திருக்கும்.

வீட்டை வந்து அம்மாவுக்குச் சொன்னனான். அம்மா முருங்கையிலை ஆய்ஞ்சு கொண்டிருந்தவ. இனி மகன் மகள் எண்டு வித்தியாசம் இல்லை அம்மா, பிள்ளை எண்டுதான் பாப்பினம். கனநேரம் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு கேட்டா, அப்ப அவன் வந்தா எங்க இருப்பான்?

இஞ்சதான் அம்மா.

அப்பச் சரி, எண்டிட்டு, சிறுபோகத்துக்கு எங்கட வாய்க்காலுக்கு எத்தினை ஏக்கர் விட்டிருக்கினம் எண்டு கேட்டா.

சிறுபோகம் எண்டா உங்களுக்குத் தெரியும், மழையில்லாக் காலப் போகம், குளத்துத் தண்ணி எல்லாருக்கும் காணாது, கூட்டம் வைச்சுத்தான் பங்கு பிரிக்கிறது. கமக்கார அமைப்பின்ர கூட்டத்துக்கு நான் போகத் தொடங்கின நேரம் அங்க மூண்டு பொம்பிளையள், இப்ப பத்துப் பன்னிரண்டு வரும், எல்லாரும் பின்வாங்கிலதான். செயலாளர் பழைய கொப்பியைப் பாத்துப் பேர் கூப்பிடுவார். எங்கட முறைக்கு அப்பாவின்ர பேரைத்தான் இவ்வளவு காலமும் கூப்பிட்டது. 1998 இல செத்த மனுசன்ர பேருக்கு நான் கை தூக்கி, வந்திருக்கு எண்டு சொல்லுவன், ஆரும் சிரிக்கிறதும் இல்லை.

இந்த முறை கூட்டம் முடிய எழும்பிப் போய்க் கேட்டனான், அண்ணை பேரை மாத்துவமோ எண்டு. அவர் கொப்பியைத் திருப்பிப் பாத்திட்டு, அப்பாவை வெட்டட்டோ பிள்ளை எண்டார். வெட்ட வேண்டாம் எண்டனான், வரேக்கயே அம்மா சொல்லித்தான் விட்டவ. அப்பாவின்ர பேருக்குப் பக்கத்தில பெட்டி நிரம்பிப் போச்சு, அதால அவர் கொப்பியைச் சரிச்சுப் பிடிச்சு, ஓரத்தில நெடுக்கா அம்மாவின்ர பேரும், அதுக்குக் கீழ என்ர பேரும் எழுதினவர். இன்னும் ஒண்டு கிடக்கு அண்ணை எண்டு சொல்லித் தங்கச்சியின்ர பேரையும் சொன்னன். அதுக்கு மேல ஓரத்திலயும் இடம் இல்லை, பேனையைக் கடிச்சுக்கொண்டு இருந்திட்டு மட்டையின்ர உள்பக்கத்தில எழுதி, ஒரு அம்புக்குறி போட்டவர்.